பாதி ஆரஞ்சு, பாதி கத்தரிப்பூ, நடுவில் தேம்ஸ்

இன்றைக்கு நான் சந்தித்தவர் பெயர் கிளெண்டா ஹாஸ்கின்ஸ். ஷாட்வெல்லில் வாட்னி மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறார். காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்ற வரைக்கும் அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது அவரைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. கை கழுவாமல் டைப் செய்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். கமர்ஷியல் ரோட்டில் 115க்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு சவ ஊர்வலம் வந்தது. முன்னால் உயரத் தொப்பி போட்டவர் கைத்தடியோடு நடக்க, பின்னால் கறுப்புக் கார் ஊர்ந்து வந்தது. ஸ்டாப்பில் இருந்த எல்லோரும் போனைக் கீழே இறக்கினார்கள். நானும் இறக்கினேன். அப்போதுதான் கார்க் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன்.

சவப்பெட்டியின் பக்கவாட்டில், அதன் முழு நீளத்துக்கும் பூவால் ஒரு நேர்கோடு. நடுநடுவே வெள்ளைப் பூவில் சின்னச் சின்னக் குச்சிகள். ஒரு முனையில் கோடு இரண்டாகப் பிரிகிறது. அது ரயில் மேப் என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் தலைப் பக்கம் பாதி ஆரஞ்சு. கால் பக்கம் பாதி கத்தரிப்பூ நிறம், அதன் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு.

115 வந்தது. போனது. நான் ஏறவில்லை.

பழைய ரயில் மேப் சேர்க்கும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு பத்தி, அதற்கு மேல் போக மாட்டேன், சத்தியம். ஷோர்டிட்சில் தொடங்கி, தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் புகுந்து, நியூ கிராஸ் வரை போகும் ஈஸ்ட் லண்டன் லைனுக்கு ரொம்ப நாள் சொந்தக் கலர் கிடையாது. மெட்ரோபாலிட்டன் லைனின் கத்தரிப்பூ நிறத்தைத்தான் கடன் வாங்கிப் போட்டிருந்தது. பிறகு இரண்டையும் ஜனங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். 1990இல் சொந்தமாக ஆரஞ்சு கிடைத்தது. இப்போது அது பாதாள ரயிலே இல்லை, ஓவர்கிரவுண்ட். அதுவும் சமீபத்தில் சிவப்பாகிவிட்டது. ஆக, இந்த லைன் கத்தரிப்பூவாக இருந்தது, ஆரஞ்சாக இருந்தது. பாதி அதுவும் பாதி இதுவுமாக எந்த வருஷத்து மேப்பிலும் இருந்ததில்லை. என் வீட்டில் மேப்கள் இருக்கின்றன. எத்தனை என்று சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

எனவே காரின் பின்னாலேயே நடந்தேன். மார்க்கெட் முனையில் ஒரு வெள்ளை வேன். அதன் மேல் சாய்ந்து பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் பன்றி இறைச்சி வைத்த பேக்கன் ரோலை இன்னும் கடிக்காமல், கார் கடந்து போகட்டும் என்று மரியாதையாகப் பிடித்திருந்தார்.

"அந்தப் பூ நீங்க செஞ்சதா?" என்று கேட்டேன்.

"ஏன், எதுவும் உதிர்ந்திருச்சா?"

"இல்ல. அது எந்த வருஷத்து மேப்?"

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "டெரிக். யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

பந்தயத்தில் தோற்ற டெரிக் பேக்கன் ரோலை அவரிடம் கொடுத்துவிட்டார்.

அவர்தான் கிளெண்டா. டெரிக் அவருடைய கணவர், வேன் ஓட்டுபவர். "உள்ள வா கண்ணு, டீ போடுறேன். பஸ்ஸ விட்டுட்ட போல" என்றார் கிளெண்டா. மூன்று பஸ் விட்டிருந்தேன்.

கிளெண்டாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. இதே மார்க்கெட்டில் அவருடைய அம்மா பேர்ல் தள்ளுவண்டியில் பூ விற்றார். பதினேழு வயதில் "ஒரு வாரம் வாளியப் பிடிச்சுக்க" என்று அம்மா கூப்பிட்டதற்கு வந்தவர், இன்னும் வாளியைக் கீழே வைக்கவில்லை. கல்யாணப் பூவும் செய்வார். ஆனால் அவர் பெயர் நின்றது சாவுப் பூவில்தான். கிழக்கு லண்டனில் சாவுக்கு மலர்வளையம் மட்டும் போதாது. அப்பா என்று எழுத்தெழுத்தாகப் பூவில் வேண்டும். பீர் கிளாஸ் வேண்டும், டார்ட்ஸ் பலகை வேண்டும், அவர் உட்கார்ந்த சாய்வு நாற்காலி வேண்டும். கிளெண்டா ஒரு முறை ஃப்ரிட்ஜ் செய்திருக்கிறார்.

"ஃப்ரிட்ஜா?"

"கதவு திறந்த மாதிரி. அந்த மனுஷன் வாழ்க்கையில வேற எதையும் அவ்வளவு நேரம் நின்னு பாத்ததில்லையாம். அவரு பொண்டாட்டிதான் சொன்னா."

ரயில் பூ தொடங்கியது தற்செயலாக. வைட்சேப்பல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்த ஒருவர் இறந்தபோது, ஸ்டேஷன் பலகையின் வட்டமும் குறுக்குப் பட்டையும் பூவில் வேண்டும் என்று குடும்பம் கேட்டது. செய்தார். நன்றாக வந்தது. பிறகு டிப்போ டிப்போவாகப் பெயர் பரவிவிட்டது. ஒருவர் ஓய்வு பெறும் விருந்தில் வந்து, "எனக்கு நேரம் வரும்போது கொஞ்சம் பாத்துக்கங்க" என்று கை குலுக்கிவிட்டுப் போனாராம்.

இதில் ஒரு சிக்கல். மற்ற கடைகளில் வெள்ளைச் செவ்வந்தியை நெருக்கமாகக் குத்திவிட்டு, வேண்டிய கலரை ஸ்ப்ரே அடித்துவிடுவார்கள். கிளெண்டா கடையில் பூவுக்குப் பெயின்ட் கிடையாது. பேர்ல் அம்மா வைத்த சட்டம்.

"பெயின்ட் நாத்தத்தோட ஒருத்தர வழியனுப்பக் கூடாதும்பாங்க. சரின்னு அப்படியே விட்டுட்டேன். எனக்கும் அந்த நாத்தம் பிடிக்காது."

அதனால் லைன் கலர்களை அவர் தெரிந்துவைத்திருக்கும் விதமே வேறு. எனக்குக் கேட்கக் கேட்கப் புல்லரித்தது. டிஸ்ட்ரிக்ட் லைன் பச்சை, ஆகவே வெறும் இலை. "டிஸ்ட்ரிக்ட்காரங்க போனா அன்னிக்கு மத்தியானமே கடைய மூடிடலாம்." சென்ட்ரல் சிவப்பு, சர்க்கிள் மஞ்சள், ஹேமர்ஸ்மித் இளஞ்சிவப்பு, எல்லாம் சுலபம். ஜூபிலி சாம்பல் கலருக்கு யூகலிப்டஸ் இலை. நார்தர்ன் லைன் கறுப்பு. கறுப்பில் பூவே கிடையாது, ஐவிக் கொடியின் காய்களைக் கோத்துச் செய்வார், விரல் போய்விடும். பேக்கர்லூ பழுப்பு.

"பழுப்புக்கு என்ன பூ?"

"வாடின பூ. நல்லவேளை, பேக்கர்லூ ஆளுங்க இந்தப் பக்கம் யாரும் சாகுறதில்ல."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சென்ட்ரல் முதலில் நீலமாக இருந்தது, அப்புறம் ஆரஞ்சாக இருந்தது, பேக்கர்லூ கொஞ்ச காலம் சிவப்பாக இருந்தது, நூறு வருஷத்துக்கு முந்தைய மேப்பில் பிக்கடில்லி மஞ்சள் என்று கொட்டிவிட்டேன். கிளெண்டா டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"பிக்கடில்லி மஞ்சளா இருந்துச்சா?"

"ஆமா!"

"அப்பவே செத்திருக்கலாம் அவங்க. கருநீலத்துக்கு நான் படுற பாடு."

இனி இன்றைய சவப்பெட்டிக்கு வருகிறேன். அதில் இருந்தவர் வில்ஃப் டாகெட். வாப்பிங் ஸ்டேஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மனைவி ஜாய்ஸ், எண்பது தாண்டியவர். ஒரே மகள் டோனா, ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறார்.

போன வாரம் டோனா கடைக்கு வந்து ஆர்டர் கொடுத்தார். வட்டம் வேண்டாம், எல்லோரும் வட்டம்தான் வைக்கிறார்கள். அப்பாவின் லைனையே வைக்க வேண்டும், பெட்டி நீளத்துக்கு, எல்லா ஸ்டேஷனோடும். கலர் ஆரஞ்சு. கிளெண்டா ஆரஞ்சுச் செவ்வந்தி வரவழைத்து, நேற்று திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

முடித்த கையோடு ஜாய்ஸ் வந்தார். மறுநாளுக்காகத் தலைமுடி அலங்காரம் செய்துகொண்டு, அப்படியே பூவையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று. மேஜையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு கிளெண்டா. இது யாருக்கு?"

"வில்ஃபுக்குத்தான்."

"ஓ." ஜாய்ஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப வில்ஃபோடது எங்க?"

கிளெண்டா செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரித்தார்.

"செத்தாலும் அந்தக் கலரு என் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொன்ன மனுஷன் அவரு," என்றார் ஜாய்ஸ்.

"எப்ப சொன்னாரு?"

"தொண்ணூறுல. மேப்ப மாத்தினப்ப. அப்புறம் வாராவாரம்."

வில்ஃபின் லைன் கத்தரிப்பூ நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. அந்தக் கோடு இருந்த காலத்தில்தான் அவர் ஸ்டேஷனில் பெரிய ஆளானார். அதற்கும் முன்னால், வெறும் கத்தரிப்பூவாக இருந்த காலத்தில், ரோதர்ஹித்தில் இருந்த ஜாய்ஸைப் பார்க்க ஆற்றுக்கு அடியில் ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில் போய்வருவார். ஆரஞ்சு வந்ததும், "குச்சி ஐஸ் கலரு" என்றார். ஸ்டேஷன் பலகைகளில் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி ஆர்டர் வந்தது. "நான் ஒட்ட மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், ஜாய்ஸ். வேற எவனோ வந்து ஒட்டிட்டுப் போனான்" என்று வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்கும் மறுநாளும் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஜாய்ஸ் கைப்பையை மூடினார்.

"நாளைக்கு இது அந்த வண்டியில இருந்துச்சுன்னா, நான் அந்த வண்டிக்குப் பின்னால வர மாட்டேன். வீட்டுலயே உக்காந்துக்கிறேன். கோச்சுக்காத, தலைமுடி நல்லாத்தான் வந்திருக்கு."

கிளெண்டா டோனாவுக்குப் போன் செய்தார். டோனா மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெயர் அட்டையைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

"அம்மா, அது ஆரஞ்சு. நான் அப்பாகூட அந்த ரயில்லயேதான் வளந்தேன். ஆரஞ்சு."

"நீ பொறந்தப்ப அது கத்தரிப்பூ."

"பொறந்தப்ப நான் எதுக்கு மேப்ப பாக்கப் போறேன்?"

"உங்க அப்பாவுக்கு அது ஆகாது."

"உன்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரு. என்கிட்ட, 'இது உன் கோட்டு கலரு, இனிமே இது உன் லைனு'ன்னு சொன்னாரு. எனக்கு ஒம்பது வயசு, ஆரஞ்சுல குளிர் கோட்டு போட்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஒம்பது வயசுல நீ முயல் பேசுதுன்னும் சொன்ன."

"சரி. இத மாத்தினா நான் உன்கூட கார்ல வரல. பஸ்ல வந்துக்கிறேன்."

இந்த இடத்தில் டெரிக் வாயைத் திறந்தார். "இப்ப அது சிவப்பாக்கும்" என்றார்.

மூன்று பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். டெரிக் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

கிளெண்டாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் பத்து மணிக்குக் கார் கிளம்ப வேண்டும். ஆரஞ்சை வைத்தால் மனைவி வர மாட்டார், மாற்றினால் மகள் தனியாக பஸ்ஸில் வருவார். வில்ஃபுக்கு இருந்தது இந்த இரண்டு பேர்தான். பெயின்ட் அடிக்க முடியாது. திங்கட்கிழமை மத்தியானம் புதுப் பூவும் கிடைக்காது.

"எங்க வீட்டு டாய்லெட்ல பலகை இருக்கு," என்றார் டோனா. "அப்பா ரிடயர் ஆனப்ப வாப்பிங் ஸ்டேஷன்லருந்து கொண்டுவந்த பலகை. லைன் பூரா ஆரஞ்சுல இருக்கும். பிடிக்காத கலர அந்த மனுஷன் இருபது வருஷம் எதிர்ல வச்சுக்கிட்டா உக்காந்திருந்தாரு?"

ஜாய்ஸ் யோசித்தார். "அது ஸ்டேஷன் ஞாபகமா வச்சிருந்தது. கலருக்காக இல்ல."

"கொண்டுவரேன். கலர நீயே பாரு."

டெரிக்கை ஸ்க்ரூடிரைவரோடு கூட்டிக்கொண்டு வேனில் போனார். வாப்பிங் வீடு பக்கம்தான். அரை மணி நேரத்தில் பலகை வந்தது. தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி எனாமல் சுட்ட, அந்தக் காலத்து நீளப் பலகை. ஒரு ஓரத்தில் கை துடைக்கும் துண்டு கொக்கியோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையிலிருந்து அதைத் தனியாகப் பிரிக்க டெரிக்குக்குத் தோன்றவில்லை.

பலகையை மேஜையில் கெட்டிலை ஒட்டிச் சாய்த்துவைத்தார்கள். ஆரஞ்சு, மறுக்க முடியாத ஆரஞ்சு. ஜாய்ஸ் கைப்பையைத் திறந்து, மறுபடி மூடினார். டோனா கையைக் கட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்தார். டெரிக் கெட்டிலின் சுவிட்சைப் போட்டார். இந்த ஊரில் சண்டை முற்றினால் அடுத்தது டீதான்.

பூக்கடைக் கெட்டில் பெரியது. ஆவி நேராகப் பலகையின் நியூ கிராஸ் மூலையில் அடித்தது. அந்த மூலை டாய்லெட்டில் இத்தனை வருஷம் குழாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. கப் எடுக்கத் திரும்பிய கிளெண்டாதான் முதலில் பார்த்தார். ஆரஞ்சு ஸ்டிக்கரின் மூலை மெல்ல மேலெழும்பி, இலை மாதிரி சுருண்டுகொண்டிருந்தது. அடியில் கத்தரிப்பூ. அதன் நடுவில், கொஞ்சமும் மங்காமல், வெள்ளைக் கோடு.

நான் இதைக் கேட்டபோது கப்பைக் கீழே வைத்துவிட்டேன். கிளெண்டா, "நீ அழுவுறியா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். டிஷ்யூ நீட்டினார்.

"பாத்தியா?" என்றார் ஜாய்ஸ்.

டோனா குனிந்து அந்த மூலையைப் பார்க்கவில்லை. பலகையின் மறு முனையில், ஷோர்டிட்சுக்குக் கீழே, ஸ்டிக்கரில் இருந்த ஒரு காற்றுக் கொப்புளத்தின் மேல் விரலை வைத்திருந்தார்.

"இது நான் பண்ணது," என்றார்.

"எது?"

"இந்தக் கொப்புளம். ஸ்டிக்கரோட இந்த முனைய நான்தான் பிடிச்சிருந்தேன். அப்பா அந்த முனையிலருந்து ஒட்டிக்கிட்டே வந்தாரு. 'நேரா பிடி தங்கம், நேரா பிடி'ன்னாரு. நான் என் ஆரஞ்சு குளிர் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்ததுல விட்டுட்டேன். அடியில என்ன இருந்துச்சுன்னு பாக்கவே இல்ல."

ஜாய்ஸ் மெதுவாகக் கேட்டார். "அவரா ஒட்டினாரு?"

"அவரேதான்."

"நான் ஒட்டவே மாட்டேன்னு சொல்லிட்டதா என்கிட்ட சொன்னாரு. எவனோ வந்து ஒட்டிட்டான்னாரு. கோவத்துல ரெண்டு ராத்திரி சாப்பிடல."

டோனா அம்மாவைப் பார்த்தார். "அம்மா. ரெண்டு நாளும் வேலை முடிஞ்சு வர்ற வழியில நாங்க கடையில கறி வச்ச பை வாங்கிச் சாப்பிட்டோம். மசிச்ச உருளைக்கிழங்கோட. அவரு ரெண்டு தட்டு."

கெட்டில் அணைந்தது. யாரும் டீ ஊற்றவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம்," என்றார் ஜாய்ஸ். "ரெண்டு தட்டு."

பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார் என்று கிளெண்டா சொன்னார். சிரிப்பு முகத்தில் வரவில்லை, அந்த அலங்கரித்த தலைமுடி மட்டும் ஆடியதாம். டோனா பயந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்தார். அப்புறம் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டெரிக் டிஷ்யூ டப்பாவை வைத்துவிட்டு வேனைத் துடைக்கப் போனார். வேன் சுத்தமாகத்தான் இருந்தது.

சண்டை தீர்ந்தது என்று நினைத்தீர்கள் என்றால் உங்களுக்கு இந்தப் பக்கத்து ஜனங்களைத் தெரியாது. இப்போது அடுத்த சண்டை வந்தது. பூவையும் பலகை மாதிரியே வைக்கலாம், மேலே ஆரஞ்சு, ஒரு முனையில் உரிந்து கத்தரிப்பூ தெரிகிற மாதிரி என்று டோனா சொன்னார். ஜாய்ஸ் ஒத்துக்கொண்டார். எதுவரைக்கும் உரிப்பது என்பதுதான் கேள்வி.

"நியூ கிராஸ் மட்டும் உரிச்சா போதும்," என்றார் டோனா.

"வைட்சேப்பல் வரைக்கும்," என்றார் ஜாய்ஸ்.

"அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும், ஷோர்டிட்சா? அது ஞாயித்துக்கெழமை மட்டும் ஒழுங்கா தொறக்குற ஸ்டேஷன்."

"சரி, ஷாட்வெல்."

"சர்ரே டாக்ஸ்."

"ரோதர்ஹித் எனக்கு வேணும். அங்க பிளாட்ஃபாரத்துலதான் அவரு வந்து நிப்பாரு, கையில சிப்ஸ் பொட்டலத்தோட. ரோதர்ஹித்த குச்சி ஐஸ் கலர்ல விட மாட்டேன்."

"வாப்பிங் எனக்கு. அங்கதான் நான் ஸ்டிக்கர பிடிச்சேன்."

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். வாப்பிங்குக்கும் ரோதர்ஹித்துக்கும் நடுவில் இருப்பது தேம்ஸ். ஒரு முழு ஆறு. அதைப் பார்க்காமல் இருவரும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்துல நிறுத்திக்கலாமே," என்றார் கிளெண்டா. "ஆத்துக்குத் தெக்க ஜாய்ஸுக்கு, வடக்க டோனாவுக்கு."

அப்படியே முடிவானது. கிளெண்டா மேஜையில் இருந்த கோட்டின் தெற்குப் பாதியில் ஆரஞ்சுப் பூவைப் பிடுங்கிவிட்டு, கத்தரிப்பூ நிறக் கார்னேஷனை நெருக்கமாகக் குத்தினார். ஜாய்ஸ் காம்பு கிள்ளிக் கொடுத்தார். நடுவில் போகிற வெள்ளைக் கோட்டை டோனா வைத்தார். "நேரா வை," என்று ஜாய்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். டோனா பெயர் அட்டையைக் கழற்றிவிட்டு, பல் டாக்டருக்குப் போன் போட்டு, இன்றைக்கு இனி வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "ஆத்துல நிறுத்தலாம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? மேப்ப பாத்தா?"

கிளெண்டா கடைக்குப் பின்னால் இருந்த வாளிகளைக் காட்டினார். ஒன்றுதான் காலியாக இருந்தது.

"கடையில மொத்தமே ஒரு வாளி கத்தரிப்பூ கார்னேஷன்தான் இருந்துச்சு கண்ணு. புதன்கிழமை பர்த்டே ஒண்ணுக்கு வாங்கி வச்சது. அவங்க ரெண்டு பேரும் சண்டை போடுறப்ப நான் வாளிய எண்ணிக்கிட்டு இருந்தேன். பாதி லைனுக்குத்தான் வரும்னு தெரிஞ்சது. பாதியில என்ன இருக்குன்னு பலகைய பாத்தேன். ஆறு இருந்துச்சு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? நாலு பூ மிஞ்சிச்சு."

அந்த நாலில் ஒன்று வேனின் முன்கண்ணாடிக்கு மேலே சொருகியிருந்தது. நான் பார்த்தேன்.

இன்று காலை சவ வண்டிக்கு அடுத்த காரில் அம்மாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். கடையைத் தாண்டும்போது ஜாய்ஸ் ஜன்னலை இறக்கி, "கிளெண்டா, சர்ரே டாக்ஸ் பக்கத்துல லேசா கோணலா இருக்கு," என்றாராம். பக்கத்தில் டோனா, "அது நான் வச்சதும்மா," என்றாராம். ஜாய்ஸ் ஜன்னலை ஏற்றிக்கொண்டார். நான் அந்தக் கோணலைக் கவனிக்கவில்லை. கலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பலகை இன்று டாய்லெட்டுக்கே திரும்புகிறது. டெரிக் மாலையில் போய் மாட்டுகிறார், துண்டோடு. உரிந்த மூலையைத் திரும்ப ஒட்டவும் வேண்டாம், மேலும் உரிக்கவும் வேண்டாம் என்று உத்தரவு. அதை யார் போட்டது என்று கேட்டேன். அம்மாவும் மகளும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள் என்றார் கிளெண்டா.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வில்ஃபைப் புதைத்த இடம் மேனர் பார்க் கல்லறைத் தோட்டம், வாசலில் நுழைந்ததும் வலது பக்கம், புது மண் போட்ட வரிசை. பூ இந்த வாரக் கடைசி வரைக்கும்தான் தாங்கும், கார்னேஷனுக்கு முன்னால் செவ்வந்தி போய்விடும் என்கிறார் கிளெண்டா. அதற்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். எந்த வருஷமும் அச்சாகாத மேப் அது, வேறு எங்கும் கிடைக்காது. சர்ரே டாக்ஸ் கோணலைத் தேடிப்பிடித்து எனக்கும் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய ஸ்டேஷன் பலகையை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் ஆள் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். இதை அவருக்கு அனுப்புங்கள். மூலையை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், உரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வாட்னி மார்க்கெட் பக்கம் போனால் கிளெண்டா கடையில் ஏதாவது வாங்குங்கள். டீ அவரே கொடுப்பார்.